கையைக் கண்டு சீறும் கொக்கட்டீலைக் கையில் ஏற்றும் முறை

கொக்கட்டீல் என்பது தலையில் கொண்டையுள்ள ஒரு சிறு கிளி இனம். எங்கள் வீட்டுக் கொக்கட்டீலின் பெயர் சீனி. மட்டக்களப்புக் கல்லடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அது வந்து இரண்டு ஆண்டுகளாகின்றன. இப்போது காலையில் கூட்டுக் கதவைத் திறந்ததும் தானாகவே என் விரலில் ஏறி, அங்கிருந்து தோளுக்கு நடந்து, நான் தேநீர் குடித்து முடிக்கும்வரை என் காதோரத் தலைமயிரைக் கோதிக்கொண்டிருக்கும். ஆனால் முதல் மூன்று மாதங்களும் என் கை கூட்டை நெருங்கினாலே எதிர்ப்பக்கக் கம்பியில் தொற்றிக்கொண்டு பாம்பைப் போலச் சீறியது. குறை பறவையில் இருக்கவில்லை. “துவாயால் சுற்றிப் பிடித்து ஒவ்வொரு நாளும் கையில் வைத்திருங்கள், ஒரு கிழமையில் அடங்கிவிடும்” என்று விற்றவர் சொன்னதைக் கேட்டு, வந்த மறுநாளே அதைப் பிடித்தேன். அது அடங்கியதாக நான் நினைத்தது உண்மையில் பயத்தால் உறைந்துபோன நிலை. அந்தப் பிழையை விட்டுவிட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து பழக்கிய முறையையே இங்கு எழுதுகிறேன்.

கூடு, தீனி ஆகியவற்றைப் பற்றி விரிவாக எழுதப் போவதில்லை; பறவை வாங்கியவர்களுக்கு அவை பெரும்பாலும் தெரிந்திருக்கும். மூன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். கூட்டோடு தரும் வழுவழுப்பான உருண்டைத் தடியை எடுத்துவிட்டு, கொய்யாக் கொப்புகளைப் பட்டையுடன் வெட்டிக் கழுவிக் காயவைத்துப் பொருத்துங்கள். அவற்றின் தடிப்பு இடத்துக்கிடம் மாறுவதால் கால்களுக்கு நல்லது, கொறிப்பதற்கும் ஏற்றது. கடற்கரையில் ஒதுங்கும் கணவாய் ஓட்டை எடுத்து, நாள்தோறும் தண்ணீரை மாற்றி ஒரு கிழமை ஊறவைத்து உப்பை நீக்கி, நல்ல வெயிலில் உலர்த்திக் கம்பியில் கட்டிவிடுங்கள். சுண்ணச்சத்துக்கு அதைவிட நல்லதொன்றைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. மூன்றாவதாக, நாளாந்தத் தீனிக் கலவையிலுள்ள சூரியகாந்தி விதைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். கொழுப்பு மிகுந்த அந்த விதையின் மீது கொக்கட்டீலுக்குத் தனி விருப்பம் உண்டு. கிண்ணத்திலேயே அது கிடைத்தால், உங்கள் கையிலிருந்து வாங்கிக்கொள்ள அதற்கு ஒரு காரணமும் இராது.

அறை

நம்மூர் வீடுகள் பலவற்றில் சுவருக்கும் கூரைக்கும் இடையே வெளி இருக்கும். இல்லாவிட்டால் யன்னலுக்கு மேலே காற்றுத் துவாரக் கற்கள் இருக்கும். கொக்கட்டீல் அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நிலங்களில் தீனியையும் தண்ணீரையும் தேடி நெடுந்தூரம் பறந்து திரியும் இனம். 100 கிராம் அளவே நிறையுள்ள அப்பறவை ஒருமுறை வெளியே போய்விட்டால் மீண்டும் வீட்டை அடையாளம் கண்டு திரும்புவது அரிது. ஆகவே மேலே சீலிங் உள்ள ஓர் அறையைத் தெரிவுசெய்து, துவாரங்களைப் பழைய நுளம்பு வலைத் துணியால் மூடி, பறவை மோதாதபடி கண்ணாடியின் மேல் ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். சிறகை வெட்டுவதை நான் விரும்புவதில்லை. பறக்க முடியாத பறவை, பயந்தால் தப்ப வழியில்லாமல் கடிக்கவே செய்யும்.

மின்விசிறியை நிறுத்தினால் மட்டும் போதாது. தகடுகள் முற்றாக ஓய்ந்தனவா என்று பார்த்த பின்பே கூட்டைத் திறக்க வேண்டும். எங்கள் அறையில் மின்விசிறி ஆளியின் மேல் ஒரு துண்டு ஒட்டுநாடாவை ஒட்டி, அதில் “சீனி வெளியே” என்று எழுதி வைத்திருக்கிறேன். புழுக்கம் தாங்காமல் உள்ளே வருபவர்களின் கை முதலில் போகும் இடம் அதுதான்.

நுளம்புச் சுருளோ சாம்பிராணிப் புகையோ அந்த அறைக்குள் வரக்கூடாது. குசினியில் ஒட்டாத பூச்சுள்ள தாச்சியைப் பாவிப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அது அளவுக்கு மீறிச் சூடேறும்போது வெளிவரும் வாயு, அடுத்த அறையிலுள்ள பறவையைக்கூடச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். சீனி வந்த பிறகு எங்கள் வீட்டில் அந்தத் தாச்சியை எடுத்துவிட்டோம்.

முதற்படி: அருகில் இருத்தல்

ஐந்தாறு நாட்களுக்குத் தீனியும் தண்ணீரும் மாற்றுவதைத் தவிர வேறெதற்கும் கூட்டுக்குள் கையை விடாதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பறவையை நேருக்கு நேர் உற்றுப் பார்க்காமல் சற்றுத் திரும்பி இருந்து, பத்திரிகையைத் தணிந்த குரலில் வாசியுங்கள்.

அந்த நாட்களில் கொண்டையைக் கவனிக்கப் பழகிக்கொள்ளுங்கள். கொண்டை செங்குத்தாக நிமிர்ந்து, உடல் ஒடுங்கி நீண்டிருந்தால் பறவை திடுக்கிட்டிருக்கிறது. தலையோடு ஒட்டப் படிந்து அலகு திறந்திருந்தால் கடிக்கப் போகிறது. பாதி சாய்ந்து, கன்னத்து இறகுகள் அலகின் ஓரத்தை மூடியிருந்தால் அமைதியாக இருக்கிறது. இனி வரும் படிகள் எல்லாவற்றிலும் நீங்கள் பார்க்க வேண்டியது மணிக்கூட்டையல்ல, இந்தக் கொண்டையைத்தான்.

இரண்டாம் படி: கம்பியூடாகக் கொடுத்தல்

ஒரு தினைக்கதிரின் நுனியைக் கம்பிக்கு வெளியிலிருந்து நீட்டுங்கள். பறவை அதைக் கொத்தும் அதே கணத்தில் நாக்கைச் சொடுக்கி ஓர் ஓசை எழுப்புங்கள். அந்த ஓசை கேட்டால் தீனி வரும் என்பது அதற்கு விளங்க மூன்று நான்கு நாட்கள் போதும். இதற்கென்று கிளிக்கர் என்ற கருவி விற்கிறார்கள்; ஒரு கையில் கதிரும் மறு கையில் பறவையும் இருக்கும்போது அதை அமர்த்த மூன்றாவது கையா இருக்கிறது? நாக்கே போதும்.

மூன்றாம் படி: கூட்டுக்குள் கை

என் மூன்று மாதங்களில் பெரும்பகுதி இந்தப் படியிலேயே கழிந்தது. ஆகவே இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

வாவிக்கு மேலே செம்பருந்து வட்டமிடும்போது முற்றத்துக் கோழிக்குஞ்சுகள் எப்படிப் பதுங்கும் என்று நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலேயிருந்து இறங்கும் கையும் கொக்கட்டீலுக்கு அப்படித்தான். ஆகவே கை எப்போதும் பறவையின் நெஞ்சுக்குக் கீழான உயரத்தில், பக்கவாட்டாக வர வேண்டும். இதை நான் விரைவிலேயே அறிந்துகொண்டேன். அறியாதிருந்தது, கையை எப்போது திரும்ப எடுப்பது என்பதை.

தினைக்கதிரைப் பிடித்த கையை உள்ளே நீட்டி, பழகட்டும் என்று அசையாமல் வைத்திருப்பேன். சீனி முதலில் பின்னே சாயும், கை போகாது. பிறகு சீறும், அப்போதும் கை போகாது. கடைசியில் பாய்ந்து கடிக்கும்; வலியில் கையை இழுத்துக்கொள்வேன். இதிலிருந்து அது கற்றுக்கொண்டது என்ன? சாய்வதாலும் சீறுவதாலும் பயனில்லை, கடித்தால்தான் கை போகும் என்பதை. இரண்டு கிழமைகளில் சீறலை விட்டுவிட்டு நேரடியாகக் கடிக்கத் தொடங்கியது. கடிக்கும் பறவையை நானே பயிற்றுவித்திருந்தேன்.

திருத்தியது இவ்வாறு. கூட்டை மேசையின் ஒரு கரையில் வைத்து, கதவிலிருந்து என் பக்கமாகச் சாணுக்கு ஒன்றாக ஆறு கோடுகளை வெண்கட்டியால் கீறினேன். சீனி தீனி கொறித்துக்கொண்டிருக்கும்போது, மூடிய கையை மேசையோடு ஒட்டியபடி கடைசிக் கோட்டிலிருந்து மெல்ல நகர்த்தினேன். நான்காம் கோட்டை அடைந்ததும் அது கொறிப்பதை நிறுத்தியது. சீறவில்லை, சாயவுமில்லை, அலகில் பாதி உடைந்த விதை அப்படியே இருந்தது. கையை அங்கேயே நிறுத்தி, மூச்சை மெதுவாக விட்டுக் காத்திருந்தேன். ஏறத்தாழ அரை நிமிடத்தில் கொண்டை சற்றுத் தளர்ந்தது, இறகுகளை ஒருமுறை உதறியது, அலகிலிருந்த விதையை மீண்டும் உருட்டத் தொடங்கியது. அந்தக் கணத்திலேயே கையை முழுவதுமாக எடுத்துக்கொண்டேன்.

கை விலகுவதுதான் அதற்குக் கிடைக்கும் பரிசு. அந்தப் பரிசு கடிக்குப் பின்னரல்ல, அமைதிக்குப் பின்னரே கிடைக்க வேண்டும். கையும் பறவை கொறிப்பதை நிறுத்தும் இடத்தைத் தாண்டி ஓர் அங்குலமும் முன்னே போகக்கூடாது. இவ்வாறு செய்து கூட்டுக் கதவை அடைய எனக்குப் பதினொரு நாட்கள் சென்றன. ஒரு நாள் இரண்டு கோடுகள் முன்னேறினால் மறுநாள் ஒரு கோடு பின்வாங்க நேர்ந்தது. கதவுக்குள்ளே விரற்கடை விரற்கடையாகவே நகர்ந்தேன். இறுதியில் உள்ளங்கையில் வைத்த சூரியகாந்தி விதையை அது கழுத்தை நீட்டி எடுத்தபோது, அதன் அலகு தோலில் பட்டது எனக்குச் சற்றும் வலிக்கவில்லை.

கையுறை போடாதீர்கள். பறவை கையுறைக்குத்தான் பழகும். அதைக் கழற்றிய அன்று மீண்டும் கடைசிக் கோட்டிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடங்களும், காலையும் மாலையுமாக இரண்டு தடவைகளும் போதும். வறண்ட, சூடான கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் பழக்க வேண்டாம். அலகைத் திறந்து, சிறகுகளை உடலிலிருந்து விலக்கி வைத்திருந்தால் பறவைக்கு வெக்கை தாங்கவில்லை என்று பொருள். பட்டினி போட்டால் விரைவில் பழகும் என்பாரின் பேச்சைக் கேட்காதீர்கள். இத்தனை சிறிய உடல் பட்டினியைத் தாங்காது. கிராம் கணக்கில் காட்டும் சமையல் தராசு ஒன்றை வாங்குங்கள், பறவைக்காக நான் செலவழித்த காசில் மிகப் பயன்பட்டது அதுதான். சீனியின் வழக்கமான நிறை 92 கிராம். நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போனால் பயிற்சியை நிறுத்தி மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

நான்காம் படி: விரலில் ஏறுதல்

விரலால் நெஞ்சைத் தள்ளினால் ஏறிவிடும் என்று பலரும் சொல்வார்கள். தள்ளாதீர்கள். சுட்டுவிரலைக் கிடையாக, அது நிற்கும் கொப்பைவிடச் சற்று உயரமாக, கால்களுக்கு அருகில் வையுங்கள். தினைக்கதிரை விரலுக்கு அப்பால், ஓரடி எடுத்து வைத்தாலன்றி எட்டாத தூரத்தில் மறு கையால் பிடியுங்கள். ஒரு கால் விரலில் பட்டாலே நாக்கைச் சொடுக்கிக் கதிரைக் கொடுங்கள். இரண்டு கால்களும் வரும்போது “ஏறு” என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஏறுவதற்கு முன் பறவை விரலை அலகால் பிடித்துப் பார்க்கும். அது கடியல்ல, கொப்பு உறுதியானதா என்று சோதிக்கிறது. அதைக் கடியென்று நினைத்து நான் பலமுறை விரலை இழுத்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் சீனி நிலைதடுமாறியது. விரல் கொப்பைப் போல அசையாமல் நிற்க வேண்டும். முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டால் நடுக்கம் இராது.

ஐந்தாம் படி: வெளியே வந்து, கூப்பிட்டால் பறந்து வருதல்

விரலில் ஏறப் பழகிய பறவைக்கு இது எளிது. கதிரையின் சாய்வில் அதை இறக்கி, ஒரு சாண் தூரத்தில் விரலையும் விதையையும் காட்டிக் கூப்பிடுங்கள். எட்டித் தாவியதும் விதையைக் கொடுத்து, தூரத்தை முழமாகவும் பின்னர் இரண்டு முழமாகவும் கூட்டுங்கள். பெயரைவிட ஒரு சீழ்க்கையால் கூப்பிடுவதே நல்லது. வீட்டில் யார் கூப்பிட்டாலும் ஓசை ஒன்றாகவே இருக்கும். ஆண் கொக்கட்டீல்கள் சீழ்க்கையை விரைவாகப் பிடித்துக்கொள்ளும். எங்கள் ஒழுங்கையில் பாண் கொண்டுவரும் முச்சக்கரவண்டியின் இசையில் முதல் நான்கு சுரங்களைத்தான் நான் சீனிக்குப் பழக்கினேன். இப்போது வண்டி வரும் நேரத்தில் அதுவே முந்திக்கொள்கிறது.

வாசகர்கள் கேட்டவற்றுக்காகப் பின்னர் சேர்த்தவை

கல்முனையிலிருந்து எழுதிய ஒருவரின் பறவை வெளியே எவ்வளவு நேரமும் கையில் இருக்கிறது, கூட்டுக்குத் திரும்பும்போது மட்டும் கடிக்கிறது. கூட்டுக்குள் போனால் விளையாட்டு முடிந்துவிடும் என்று அது அறிந்திருக்கிறது. ஒரு தடவைக்குள் நான்கைந்து முறை உள்ளே விட்டு, உள்ளே ஒரு விதை கொடுத்து, கதவை மூடாமல் உடனே மீண்டும் வெளியே எடுங்கள். எது கடைசி முறை என்பது அதற்குத் தெரியக்கூடாது.

அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கை, நன்கு பழகிய பறவை ஓர் இரவு கூட்டுக்குள் அடித்துப் பதறியதாகவும், மறுநாள் முதல் கைக்கு வர மறுப்பதாகவும் எழுதியிருந்தார். இருட்டில் பல்லி ஓடினாலும் மின்னல் அடித்தாலும் கொக்கட்டீல்கள் இவ்வாறு பதறுவதுண்டு. மாரிகாலத்தில் இது கூடும். கூட்டின் ஒரு பக்கத்தைத் துணியால் மூடாமல் விட்டு, அறையில் மங்கலான சிறு விளக்கொன்றை விடிய விடிய எரியவிடுங்கள். சிறகில் இரத்தம் இல்லை என்று உறுதிசெய்தபின் இரண்டாம் படிக்குத் திரும்பிப் போங்கள். இம்முறை சில நாட்களிலேயே முடிந்துவிடும்.

மூன்றாவது கேள்வி பலரிடமிருந்து வந்தது. பெண் கொக்கட்டீல், சோடி இல்லாமலே முட்டையிடுகிறது. நீங்கள் அன்பாக அதன் முதுகையும் வாலடியையும் தடவுவது அதற்கு இணைசேரும் அழைப்பாகிவிடுகிறது. தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். இட்ட முட்டையை எடுத்தால் மேலும் மேலும் இடும், ஆகவே மூன்று கிழமைகள் வரை, அது தானாக விட்டு விலகும்வரை, அங்கேயே இருக்கட்டும். கணவாய் ஓடு கூட்டில் எப்போதும் இருக்க வேண்டும். இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் அடியில் உட்கார்ந்து முக்கினால் முட்டை தடைப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். மறுநாள் வரை பார்க்காமல், கதகதப்பாக வைத்து அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள்.