கார்புரேட்டரில் பெட்ரோல் ஒழுகினால், எப்போது ஒழுகுகிறது என்று முதலில் பாருங்கள்

மோரிஸ் மைனர், மினி, டட்சன் 120 ஒய், முதல் தலைமுறை புரோட்டோன் சாகா எனக் கோலாலம்பூரில் கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்குத் தரும் பாகம்) உள்ள கார்கள் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. காலையில் கார் போர்ச்சில் பெட்ரோல் வாடை அடித்தால், பலர் உடனே ஸ்பேனரை எடுத்துக் கைக்கு எட்டிய நட்டையெல்லாம் இறுக்குகிறார்கள். அப்படிச் செய்ய வேண்டாம். கார்புரேட்டரின் உடம்பு மென்மையான வார்ப்பு உலோகம். கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலே மரை போய்விடும். மேலும், எந்த இணைப்பு ஒழுகியது என்ற தடயமும் அழிந்துவிடும்.

ஈரம் தெரியும் இடத்தை நம்ப முடியாது. பெட்ரோல் மேலே கசிந்து, உடம்பின் வளைவோடு வழிந்து, கீழே உள்ள ஏதோ ஒரு திருகின் முனையில் சொட்டாகத் தொங்கும். ஆனால் கசியும் நேரம் பொய் சொல்லாது. இரவெல்லாம் நின்ற பிறகா, சாவி போட்டதுமா, இஞ்சின் ஓடும்போதா, சூடாக நிறுத்திய பிறகா? இந்த நான்கில் எது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

தொடங்குவதற்கு முன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து நெடுந்தூரம் போகும். மாடி வரிசை வீடுகளில் போர்ச்சும் வாசற்படியும் ஒட்டியே இருப்பதால், வாசலில் ஏற்றிய விளக்கு, சாம்பிராணி, ஊதுபத்தி எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிடுங்கள். ஆட்டோ கேட்டையும் அந்த நேரத்தில் இயக்காதீர்கள். அதன் மோட்டாரிலும் சுவிட்சிலும் பொறி உண்டு. கேட்டை முழுக்கத் திறந்து வைத்துவிட்டுக் காரைக் காற்றோட்டமான பக்கம் கையால் தள்ளி நிறுத்துவது நல்லது. பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றுங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாசிட்டிவ்தான் எர்த். உங்கள் காரில் எது பாடியோடு சேர்ந்திருக்கிறதோ அதைக் கழற்ற வேண்டும். ஏபிசி பவுடர் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். வெளிச்சத்துக்கு எல்இடி டார்ச் போதும். வயர் போட்ட பல்பு விளக்கு வேண்டாம்.

இஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கார்புரேட்டர், ஹோஸ், பம்ப் மூன்றையும் பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்த இடத்தில் மஞ்சளோ பழுப்போ ஆன படிவு இருக்கும். துடைப்பதற்கு முன் கைப்பேசியில் அதைப் படமெடுத்துக்கொண்டால், எந்த வழியாக வழிந்தது என்று பிறகு ஒப்பிட்டுப் பார்க்கலாம். காய்ந்த பரப்பில் முகப்பவுடரை மெல்லத் தூவுங்கள். ஈரம் தொட்ட இடம் உடனே கறுத்துக் காட்டும். கார்புரேட்டருக்கு நேர் கீழே சுத்தமான அட்டை ஒன்றை விரித்துவிடுங்கள்.

இரவெல்லாம் நின்ற பிறகு ஒழுகினால்

பெரும்பாலான கார்களில் பெட்ரோல் டேங்க் கார்புரேட்டரைவிடத் தாழ்வாக இருக்கும். அதனால் பம்ப் நின்ற பிறகு மிதவை அறையிலும் (கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் சிறு கிண்ணம்) குழாயிலும் தேங்கியது மட்டுமே ஒழுக முடியும். அட்டையில் உள்ள கறை அந்த அளவுக்கு மேல் என்றால் காரின் நிற்கும் நிலையைப் பாருங்கள். நம் வரிசை வீடுகளின் போர்ச் முன்னால் உள்ள லோங்காங்கை (வடிகாலை) நோக்கிச் சரிந்திருக்கும். மூக்கு தாழ, வால் உயர நிறுத்தினால் டேங்க் மட்டம் கார்புரேட்டருக்கு மேலே போய், சைஃபன் முறையில் பெட்ரோல் தானாகவே இறங்கிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் காரைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள். கசிவு நின்றுவிட்டால், காரணம் சரிவோடு சேர்ந்த பழுதான நீடில் வால்வு (மிதவை ஏறியதும் பெட்ரோல் வரும் வழியை அடைக்கும் ஊசி) என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

கொஞ்சமாகச் சொட்டினால் மிதவை அறைக்குக் கீழே உள்ள இணைப்புகளைப் பாருங்கள். எஸ்யு (SU) என்ற பிரிட்டிஷ் தயாரிப்பின் எச்எஸ் வகைக் கார்புரேட்டரில், மிதவை அறையின் அடியிலிருந்து பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுக்கு ஒரு மெல்லிய நைலான் குழாய் போகும். அதன் முனையில் ஒரு சிறு ரப்பர் வளையமும் அதை அழுத்தும் நட்டும் உண்டு. ஆறிய இஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக்கை இழுத்து விட்டுப் பாருங்கள். ஜெட் கீழே இறங்கும்போது இந்தக் குழாயும் வளையும். கசிவு சோக் இழுத்தபோது மட்டும் வந்தால் குழாய் விறைத்து, வெடித்திருக்கிறது. ஜெட்டோடு சேர்த்து மாற்ற வேண்டும். வாங்கும்போது எச்எஸ்2, எச்எஸ்4 இரண்டுக்கும் குழாயின் நீளம் வேறு என்பதையும், இரட்டைக் கார்புரேட்டரில் இடமும் வலமும் வேறு என்பதையும் நினைவில் வையுங்கள். பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பொருத்தும்போது குழாயின் முனை ரப்பர் வளையத்தைத் தாண்டிக் குறைந்தது 3/16 அங்குலம், அதாவது சுமார் 5 மில்லிமீட்டர், வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் வளையம் குழாயைப் பிடிக்காது. நட்டை ரப்பர் நசுங்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் ரப்பர் கிழிந்து, முன்பைவிட மோசமாக ஒழுகும்.

இன்னும் பழைய எச்2, எச்4 வகையில் நைலான் குழாய் இல்லை. ஜெட்டைச் சுற்றிக் கார்க் வளையங்கள் இருக்கும். மாதக்கணக்கில் ஓடாமல் நின்ற காரில் கார்க் காய்ந்து சுருங்கி ஒழுகுவது சகஜம். புதிய கார்க்கைப் பொருத்துவதற்கு முன் இஞ்சின் ஆயிலில் அரை மணி நேரமாவது ஊறவைக்க வேண்டும். காய்ந்த கார்க்கை அப்படியே திணித்தால் உடைந்துவிடும்.

சாவி போட்டதும் ஒழுகினால்

எலெக்ட்ரிக் பம்ப் உள்ள கார்களுக்கு இது அருமையான சோதனை. பேட்டரியை மாட்டி, இஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்புங்கள். எஸ்யு பம்ப் சில விநாடிகள் வேகமாக டிக்டிக் என்று அடித்து, மிதவை அறை நிரம்பியதும் நிற்க வேண்டும். பிறகு எப்போதாவது ஒரு டிக் வந்தால் பரவாயில்லை. விடாமல் மெதுவாக அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வெளியேறுகிறது, அல்லது பம்ப்பின் வால்வு வழியாகத் திரும்பிப் போகிறது. நிற்காமல் படபடவென்று அடித்தால் பெட்ரோல் வரவில்லை. உறிஞ்சும் பக்கக் குழாயில் காற்று நுழைகிறது, அல்லது டேங்க் காலி.

மூடியில் உள்ள வழிவுக் குழாயிலிருந்து பெட்ரோல் கொட்டினால் மிதவை அறை நிரம்பி வழிகிறது. கார்புரேட்டர் புகார்களில் மிக அதிகமாகப் பார்க்கக்கூடியது இதுதான். நான்கு காரணங்கள் உண்டு. இந்த வரிசையிலேயே பாருங்கள்.

முதலில் அழுக்கு. ஸ்குரூடிரைவரின் பிடியால் மிதவை அறையின் பக்கத்தில் மெல்லத் தட்டுங்கள். வழிவது நின்றால் நீடில் வால்வின் இருக்கையில் துகள் சிக்கியிருந்தது. தட்டி நிறுத்திவிட்டு ஓட்டிப் போகாதீர்கள். அது திரும்ப வரும். மூடியைக் கழற்றி, அறையின் அடியில் படிந்ததைப் பாருங்கள். செம்பழுப்பு மாவு போல இருந்தால் டேங்கின் உள்ளே துரு. நம் ஊர் ஈரக் காற்றில் பாதி காலியாக நிற்கும் டேங்கில் இது வேகமாக வரும். டேங்கையும் ஃபில்டரையும் கவனிக்காமல் நீடிலை மட்டும் மாற்றினால் புது நீடிலும் விரைவில் மாட்டிக்கொள்ளும்.

அடுத்து நீடில். பழைய பித்தளை நீடிலின் கூம்பு முனையில் நகத்தால் தடவினால் தட்டுப்படும் அளவுக்கு ஒரு வளையக் கோடு விழுந்திருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. விட்டான் (Viton) என்ற பெட்ரோலைத் தாங்கும் ரப்பரால் முனை வைத்த நீடில் கிடைத்தால் அதையே போடுங்கள். சிறு துகளைப் பொறுத்துக்கொள்ளும். இருக்கையையும் சேர்த்தே மாற்றுங்கள். சோதிப்பது எளிது. மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் மிதவையின் எடை நீடிலை மூடும். அப்போது பெட்ரோல் வரும் வாயில் சுத்தமான ஹோஸை வைத்து வாயால் மெல்ல ஊதுங்கள்; காற்று போகக்கூடாது. நிமிர்த்தினால் தடையின்றிப் போக வேண்டும். கம்ப்ரெஸர் காற்றைப் பயன்படுத்தாதீர்கள். அந்த அழுத்தத்தில் நல்ல நீடிலும் திறந்துகொள்ளும்.

மூன்றாவது மிதவை. காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே சலசலப்பு கேட்டால் பெட்ரோல் புகுந்துவிட்டது. மிதவை கனத்து, மூழ்கி, நீடிலை மூட முடியாமல் தவிக்கிறது. பித்தளை மிதவையில் ஓட்டையைக் கண்டுபிடிக்க, திறந்த தீயில்லாத இடத்தில், சூடான தண்ணீரில் அமுக்கிப் பாருங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. ஆனால் சால்டர் வைத்து அடைப்பதைவிட மாற்றுவதே மேல். உள்ளே பெட்ரோல் மிச்சமிருக்கும் மிதவையைச் சூடாக்குவது ஆபத்து, ஈயம் கூடக்கூட எடையும் மாறும். நைலான் மிதவையை ஒட்டிப் பயனில்லை. மிதவை நல்லது என்றால் மட்டம் பாருங்கள்: எச்எஸ் மூடியைத் தலைகீழாகப் பிடித்து, மிதவைக்கும் மூடியின் விளிம்புக்கும் இடையே 1/8 முதல் 3/16 அங்குலம், அதாவது 3.2 முதல் 4.8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். 1/8 அங்குல டிரில் பிட்டின் தண்டை அளவுகோலாகப் பயன்படுத்தலாம்.

நான்காவது அழுத்தம். பழைய பம்ப் போனதும் உதிரிப்பாகக் கடையில் கிடைத்த சதுர வடிவ 12 வோல்ட் பம்ப்பைப் போட்டவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அவற்றில் 4 முதல் 7 பிஎஸ்ஐ (psi, அழுத்த அலகு) தரும் வகை பரவலாக விற்கிறது. எஸ்யுவுக்கு 1.5 முதல் 3 பிஎஸ்ஐ போதும். அதற்கு மேல் போனால் நீடில் புத்தம் புதியதாக இருந்தாலும் தள்ளித் திறந்துவிடும். நீடிலையும் மிதவையையும் திரும்பத் திரும்ப மாற்றியும் வழிகிறது என்றால், பம்ப்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே குறைந்த அழுத்தம் காட்டும் மீட்டரை மாட்டி அளந்து பாருங்கள். அதிகமென்றால் சரியான பம்ப்பைப் போடுங்கள், அல்லது ரெகுலேட்டர் பொருத்துங்கள்.

டட்சன் 120 ஒய்யின் ஹிட்டாச்சி கார்புரேட்டரில் மூடியைத் திறக்க வேண்டிய அவசியமே குறைவு. மிதவை அறையில் சிறு கண்ணாடி சன்னல் இருக்கிறது. பெட்ரோல் மட்டம் அதிலுள்ள கோட்டுக்கு நேராக நிற்க வேண்டும். கோட்டைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால் மேலே சொன்ன நான்கும் இங்கும் பொருந்தும். மட்டம் சரியாக இருந்தும் கண்ணாடியைச் சுற்றி ஈரம் வந்தால் அதன் கேஸ்கெட் மட்டும்தான் குறை.

ஓடும்போது மட்டும் ஒழுகினால்

ஓடும் இஞ்சினின் அதிர்வும் பம்ப் அழுத்தமும் சேர்ந்து ஹோஸ் முனைகளைக் காட்டிக்கொடுக்கும். ஹோஸை வளைத்துப் பாருங்கள். மேற்பரப்பில் நுண்ணிய வெடிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். புதிய ஹோஸில் பெட்ரோல் ஹோஸுக்கான எஸ்ஏஇ ஜே30 ஆர்7 (SAE J30 R7) என்ற தர முத்திரை இருக்கட்டும். மீன்தொட்டிக்கு விற்கும் ஒளி ஊடுருவும் குழாயைப் போடவே போடாதீர்கள். சூட்டில் விறைத்து, முனையில் நழுவும். ஹோஸ் முனையை விளிம்பு மடிந்த கிளிப்பால் இறுக்குங்கள்; அது ரப்பரை அறுக்காது.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பெட்ரோல் எட்டிப் பார்த்தால், டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வகை ஆக்ஸிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர்களில் அந்த டயாஃப்ரம் கிழிந்திருக்கிறது.

மெக்கானிக்கல் பம்ப் உள்ள கார்களில் பம்ப் உடம்பின் சிறு துளையையும் பாருங்கள். அங்கிருந்து பெட்ரோல் வந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது. உடனே ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ, மட்டம் ஏறியிருந்தாலோ அது இஞ்சின் ஆயிலில் கலந்துவிட்டது. அந்த ஆயிலோடு ஒரு நிமிடம்கூட இஞ்சினை ஓட்டாதீர்கள். பேரிங் தேயும், ஆவி தீப்பிடிக்கவும் கூடும். பம்ப்பை மாற்றி, ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே கிளப்ப வேண்டும்.

சூடாக நிறுத்திய பிறகு ஒழுகினால்

ஜாலான் குச்சிங் நெரிசலில் அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு வீட்டில் நிறுத்தினால் இஞ்சின் அறையில் காற்றோட்டம் நின்று, சூடு மேலே ஏறும். மிதவை அறைப் பெட்ரோல் கொதித்து, வழிவுக் குழாயிலோ, இஞ்சினுக்குக் கலவை போகும் மெனிஃபோல்டுக்குள்ளோ இறங்கும். மெக்கானிக்கல் பம்ப் உள்ள காரில் குழாயில் அடைபட்ட பெட்ரோலும் விரிந்து நீடிலைத் தள்ளும். காலையில் எந்தக் கசிவும் இருக்காது. பத்து நிமிட வாடை மட்டும், அடுத்து கிளப்ப அதிக நேரம். இதற்கு நீடிலை மாற்றிப் பயனில்லை. கார்புரேட்டருக்கும் மெனிஃபோல்டுக்கும் இடையே தடித்த வெப்பத்தடுப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பழுதுபார்ப்பில் யாராவது அதை எடுத்துவிட்டு வெறும் பேப்பர் கேஸ்கெட் போட்டிருப்பார்கள். வெப்பக் கவசத்தைத் திரும்பப் பொருத்துங்கள். பெட்ரோல் ஹோஸ் எக்ஸாஸ்டைத் தொட்டுப் போகாமல் விலக்கிக் கட்டுங்கள்.

கசிவை நிறுத்தச் சாதாரண சிலிகான் பசையைத் தடவ வேண்டாம். பெட்ரோலில் அது ஊதி, துண்டுதுண்டாக உதிர்ந்து, ஜெட்டை அடைக்கும். பைப் டேப்பின் நாரும் அப்படித்தான். ஃபைபர் வாஷரை ஒருமுறை கழற்றினால் புதியதே போட வேண்டும். வடித்த பெட்ரோலை மினரல் வாட்டர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள், லோங்காங்கில் கொட்டாதீர்கள். பெட்ரோலுக்கான கேனில் மூடி வையுங்கள். நனைந்த துணியைக் குவிக்காமல் வெளியே விரித்துக் காயவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பிறகு சாவியை மட்டும் போட்டு, பவுடர் தூவிய பரப்பை ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு இஞ்சினைக் கிளப்பிச் சூடாக்கி, நிறுத்தி, புதிய அட்டை விரித்து இருபது நிமிடம் காத்திருங்கள். அட்டை காய்ந்தே இருந்தால் பக்கத்துத் தெரு வரை ஓட்டிப் பாருங்கள். புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமரும். மறுநாள் இஞ்சின் ஆறியிருக்கும்போது எல்லாக் கிளிப்பும் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்து, தளர்ந்திருந்தால் ஒரு கால் சுற்று இறுக்குங்கள்.