லிஃப்ட் இல்லாத மலையில் முதல் தடம்: சுவிஸ் ஆல்ப்ஸில் ஸ்கி டூரிங் தொடங்குவது எப்படி?

சுவிட்சர்லாந்து வந்து இரண்டு மூன்று குளிர்காலம் ஓடிவிட்டது. சீர்படுத்திய சறுக்குத் தடமான பிஸ்ட்டில், நடுத்தரக் கடினமான சிவப்புப் பாதைவரை தடுமாறாமல் இறங்க வருகிறது. லிஃப்ட்டில் போகும்போது எதிர்மலையில் நாலைந்து பேர் வரிசையாக, லிஃப்ட் துணையில்லாமல், சறுக்குப் பலகையோடு காலால் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறீர்கள். இதுதான் ஸ்கி டூரிங். நாமும் போனால் என்ன என்று மனசு கேட்கிறது. இந்த இடத்தில் நிற்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இங்கே பிறந்து பள்ளி ஸ்கி முகாமில் பழகிய நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பிஸ்ட்டில் அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும், லிஃப்ட் கம்பத்தைத் தாண்டினால் வேறு உலகம்.

அங்கே வெடி வைத்துப் பனியை இறக்கிவிட ஆள் கிடையாது. ஆபத்து என்று பலகை நடுவதற்கும் ஆள் கிடையாது. பனிச்சரிவில் சிக்குகிறவர்களில் பத்தில் ஒன்பது பேர் விஷயத்தில், அந்தச் சரிவைக் கிளப்பிவிட்டது அவர்களோ கூட வந்தவர்களோதான். மலை தானாக வந்து நம்மேல் விழுவதில்லை, பெரும்பாலும் நாம்தான் அதைத் தட்டி எழுப்புகிறோம். முதல் பருவத்தில் நாம் கற்க வேண்டியது எங்கே கால் வைக்கக் கூடாது என்பதைத்தான். சிகரக் கணக்கெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதலில் ஆள், பிறகு சாமான்

கடைக்குப் போகுமுன் ஒரு பயிற்சி வகுப்பில் சேருங்கள். 1863-இல் தொடங்கிய சுவிஸ் ஆல்பைன் கிளப்புக்கு நாடெங்கும் கிளைகள் உண்டு. குளிர்காலத்தில் தொடக்கநிலைப் பயிற்சியும் வழிகாட்டியோடு கூடிய பயணங்களும் நடத்துகிறார்கள். ஜெர்மன் தட்டுத்தடுமாறி வந்தாலும் போதும், மலையில் பேச்சு குறைவு. யூட்யூபில் பார்த்து இதைக் கற்க முடியாது. அனுபவம் இல்லாத நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து போவதும் தனியாகப் போவதும் ஏறக்குறைய ஒன்றுதான், தப்பு எங்கே என்று சொல்ல ஒருவரும் இருக்க மாட்டார்.

சாமான்களை முதல் வருடம் வாடகைக்கு எடுங்கள். டூரிங் பலகை எடை குறைவாக இருக்கும். காலணியைப் பலகையோடு இணைக்கும் அதன் பைண்டிங்கில் ஏறும்போது குதிகால் தூக்கிக்கொள்ளும், இறங்கும்போது பூட்டிக்கொள்ளும். பலகையின் அடியில் ஒட்டும் நீளமான பட்டைக்கு ஆங்கிலத்தில் ஸ்கின், இங்குள்ளவர்கள் சொல்வது ஃபெல். மொஹேர் ஆட்டு முடியிலோ நைலானிலோ இரண்டும் கலந்தோ செய்திருப்பார்கள். முடி ஒரே திசையில் படிந்திருப்பதால் முன்னே வழுக்கும், பின்னே போகாது. பூனையின் முதுகைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவிவிட்டு, பிறகு எதிராகத் தடவிப் பார்த்தால் விளங்கும்.

அடுத்த மூன்றும் இல்லாமல் போகவே கூடாது. முதலாவது எல்.வி.எஸ். கருவி. புதைந்தவரைத் தேடிப் பிடிக்கும் ரேடியோ இது, எல்லாக் கம்பெனிக் கருவியும் 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் பேசும். இரண்டாவது, பனிக்குள் குத்தித் துழாவும் மடக்குக் கம்பியான சோண்டே. மூன்றாவது உலோக மண்வெட்டி. பிளாஸ்டிக் மண்வெட்டியை வாங்காதீர்கள், சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். உங்கள் மண்வெட்டி உங்களைத் தோண்டி எடுக்க உதவாது, கூட வருபவரின் மண்வெட்டிதான் உதவும்.

பயணம் முந்தைய நாள் மாலை 5 மணிக்கே தொடங்குகிறது

டாவோஸில் உள்ள பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனமான எஸ்.எல்.எஃப். குளிர்காலம் முழுக்க தினமும் மாலை 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை வெளியிடுகிறது. காலை 8 மணிக்கு அதைப் புதுப்பிக்கிறது. வொயிட் ரிஸ்க் செயலியில் இலவசமாகவே படிக்கலாம், ஆங்கிலத்திலும் உண்டு.

அதில் 1 முதல் 5 வரை ஆபத்து நிலை இருக்கும். புதியவர்கள் பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். ஐந்துக்கு மூன்று என்றதும் ‘பாதிதானே, சுமார்’ என்று மனசு கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனால் இந்த நாட்டில் பனிச்சரிவில் உயிரிழப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் 3-ஆம் நிலை நாட்களில்தான் போகிறார்கள். 4, 5 என்றால் எல்லோரும் வீட்டில் இருந்துவிடுவார்கள். 3 அன்று வெயில் அடிக்கும், பனி புதிதாக இருக்கும், கால் சும்மா இருக்காது.

எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போனை மூடாதீர்கள். எந்த உயரத்துக்கு மேல், எந்தத் திசை பார்த்த சாய்வில், என்ன வகைப் பிரச்சினை என்று கீழே எழுதியிருக்கும். புதுப்பனியா, காற்று அள்ளிவந்து குவித்த பனியா, பழைய பனிக்குள் கிடக்கும் நொய்ந்த அடுக்கா, ஈரப்பனியா, தரையோடு வழுக்கி வரும் பனியா என்று ஐந்து வகை. பழக்கமில்லாத மலைக்குப் போகிறவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான். ஒரே எண் இரண்டு ஊரில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ஆல்ப்ஸின் வடக்கு ஓரத்தில் பனி அடிக்கடி கொட்டும், தடிமனாகப் படியும், சில நாளில் ஓரளவு இறுகிவிடும். ஆல்ப்ஸின் உட்பகுதி மலைகளான எங்காடின், டாவோஸ், தெற்கு வாலிஸ் பக்கம் அப்படியில்லை. பனி குறைவு, குளிர் அதிகம். மெல்லிய பனிப்போர்வைக்கு அடியில் தரை பூஜ்யம் டிகிரி அளவில் இருக்கும், மேலே இரவில் கடுங்குளிர். இந்த வித்தியாசத்தால் நீராவி அடியிலிருந்து மேல்நோக்கி நகர்ந்து, பனித்துகள்களைக் கோணல்மாணலான பெரிய படிகங்களாக மாற்றிவிடுகிறது. ஒன்றோடொன்று ஒட்டாத படிகங்கள். அவற்றின் மேல் புதுப்பனி வந்து இறுகினால், ரவை கொட்டிய தரையில் கண்ணாடிப் பலகையை வைத்த கதைதான். வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெளியில் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இதை நான் கையால் தொட்டுக் கற்றது கிராபுண்டன் மாநிலத்தில் பிவியோ கிராமத்துக்கு மேலே. ஜூலியர் கணவாய்ச் சாலையில், 1,769 மீட்டர் உயரத்தில் உள்ள ஊர். கூர் நகரிலிருந்து மஞ்சள் போஸ்ட் பஸ்ஸில் வரலாம், ஸ்கி டூரிங்குக்குப் பேர் போன இடம். அன்றைக்கு ஏறக்குறைய சமதரையில்தான் நடந்துகொண்டிருந்தோம். திடீரென்று காலடியில் ‘வும்ம்’ என்று ஒரு சத்தம், பெரிய நெல் மூட்டையை மச்சிலிருந்து கீழே போட்டது போல. நாங்கள் நின்ற பனி முழுவதும் ஒரு விரற்கடை இறங்கியது. முன்னால் போன வழிகாட்டி அங்கேயே நின்று, மண்வெட்டியால் முழங்கால் ஆழம் தோண்டி, அடியிலிருந்து ஒரு கை பனி அள்ளி என் கையுறையில் போட்டார். “உருண்டை பிடித்துப் பார்” என்றார். பிடிக்க வரவில்லை. விரலிடுக்கில் ரவையாக ஓடியது. அதற்கு மேல் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, வந்த தடத்திலேயே திரும்பினோம். அந்தச் சத்தம் கேட்டாலோ, பலகை முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ, பக்கத்துச் சாய்வில் புதிதாகப் பனிச்சரிவு விழுந்திருந்தாலோ, அறிக்கையில் எந்த எண் இருந்தாலும் திரும்பிவிடுங்கள்.

30 டிகிரி என்ற கோடு

பலகைபோல் இறுகிப் பெயரும் பனிச்சரிவு, 30 டிகிரிக்குக் குறைவான சாய்வில் பெயர்வது அபூர்வம். தொடக்கக்காரருக்கு இதைவிடப் பெரிய வரம் கிடையாது. சுவிஸ் அரசின் வரைபடச் செயலியான ஸ்விஸ்டோபோவில் ஸ்கி டூர் வழிகளையும் சாய்வு அளவையும் சேர்த்துப் போட்டுக்கொள்ளுங்கள். 30 டிகிரிக்கு மேல் மஞ்சள், 35-க்கு மேல் ஆரஞ்சு, 40-க்கு மேல் சிவப்பு, 45-க்கு மேல் ஊதா. முதல் பருவம் முழுக்க நிறமே இல்லாத வழியாகத் தேர்ந்தெடுங்கள். உங்கள் தடத்தை மட்டும் பார்த்தால் போதாது, தலைக்கு மேலே நிறம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மேலே பெயர்ந்தது கீழே நிற்கிறவர் மேல்தான் வரும்.

வெர்னர் முன்டர் என்ற சுவிஸ் மலை வழிகாட்டி வகுத்த எளிய கணக்கு ஒன்று இங்கே எல்லோர் வாயிலும் வரும். 2-ஆம் நிலையில் 40 டிகிரிக்குள், 3-ஆம் நிலையில் 35-க்குள், 4-ஆம் நிலையில் 30-க்குள் இரு என்பது அது. அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் முதல் வருடம் 3 என்றாலும் 30-க்குள்ளேயே இருங்கள் என்பதுதான் என் கருத்து. ஆல்பைன் கிளப்பின் தரவரிசையில் எல், அதாவது எளிது, என்று போட்ட வழிகள் உங்களுக்கானவை. ஏற்றம் 500, 600 மீட்டர் போதும். பழகாத உடம்பு மணிக்கு 300 மீட்டர் உயரம் ஏறினாலே நல்ல வேகம்.

வரைபடத்தில் வனவிலங்கு ஓய்வுப் பகுதிகளையும் பாருங்கள். குளிர்காலத்தில் கரும் காட்டுக்கோழியும் மலையாடும் இருக்கிற கொழுப்பைச் சேமித்துத்தான் உயிர்வாழ்கின்றன. ஒருமுறை அரண்டு ஓடினாலும் அவற்றுக்குப் பெரிய நஷ்டம். உள்ளே நுழைந்தால் அபராதமும் உண்டு.

கடைசியாக, திரும்பும் நேரத்தை ஒரு தாளில் எழுதி வீட்டில் இருப்பவரிடம் கொடுங்கள்.

காலையில், பலகை மாட்டும் இடத்தில்

ஒருவர் எல்.வி.எஸ்.ஸைத் தேடும் நிலையில் வைத்துக்கொண்டு பத்தடி முன்னே நிற்க, மற்றவர்கள் இடைவெளிவிட்டு ஒவ்வொருவராகக் கடந்து போக வேண்டும். எல்லோருடையதும் கேட்கிறதா என்பதற்கு இதுவே சோதனை. கைப்பேசியை அதிலிருந்து 20 சென்டிமீட்டராவது தள்ளி வையுங்கள், தேடும்போது 50 சென்டிமீட்டர்.

ஏறும்போது எல்லோரும் செய்யும் தப்பு, பலகையைத் தூக்கித் தூக்கி வைப்பது. தூக்காதீர்கள், தரையோடு இழுத்துத் தள்ளுங்கள். மூச்சுவாங்காமல் பேசிக்கொண்டே போகிற வேகம்தான் சரியான வேகம். சாய்வு கூடக்கூடத் தடம் வளைந்து வளைந்து போகும். நின்று காலைத் திருப்பி வைக்கும் ஷ்பிட்ஸ்கேரே என்ற திருப்பம் தேவைப்படத் தொடங்கினால், 30 டிகிரியை நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள்.

உச்சியில் ஃபெல்லைக் கழற்றும்போது காற்றுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். பசைப்பக்கம் பனி பட்டுவிட்டால் மறுபடி ஒட்டவே ஒட்டாது. பசையோடு பசை சேர்த்து மடித்து ஜாக்கெட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள், உடம்புச் சூட்டில் உலர்ந்துவிடும். இறங்கும்போது ஒருவர் பின் ஒருவராக, முன்னவர் பாதுகாப்பான இடத்தில் நின்ற பிறகுதான் அடுத்தவர் கிளம்ப வேண்டும்.

ஒருவேளை நடந்துவிட்டால்

புதைந்தவர் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தை மனதில் குறித்துக்கொள்ளுங்கள். மேலே இன்னொன்று வருமா என்று பாருங்கள். மிச்சமிருக்கும் எல்லோரும் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றிவிட்டு உடனே தேடத் தொடங்க வேண்டும். ஆள் போதுமானால் ஒருவர் ரேகா என்ற வான்வழி மீட்புச் சேவையின் ஹெலிகாப்டருக்கு 1414-இலும், வாலிஸ் மாநிலத்தில் 144-இலும் அழைக்கட்டும். முதல் பத்து நிமிடத்துக்குள் எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அதன்பிறகு அந்த எண்ணிக்கை மளமளவென்று சரிகிறது. ஹெலிகாப்டர் வரும்வரை காத்திருக்க நேரமில்லை, காப்பாற்றப்போவது பக்கத்தில் நிற்கிறவர்தான். கருவி மிகக் குறைந்த எண்ணைக் காட்டும் இடத்தில் சோண்டேயால் குத்துங்கள். தட்டுப்பட்டதும் கம்பியை உருவாமல் அப்படியே விட்டுவிட்டு, கீழ்ப்பக்கத்திலிருந்து உள்நோக்கித் தோண்டுங்கள்.

இதைப் படித்தால் வராது. பல ஸ்கி தலங்களில் எல்.வி.எஸ். பயிற்சித் திடல் இலவசமாகத் திறந்திருக்கும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் அங்கே போய், கை தானாக வேலை செய்யும்வரை தேடிப் பழகுங்கள்.

வீடு திரும்பியதும்

ஃபெல்லை விரித்துத் தொங்கவிடுங்கள், ஆனால் ஹீட்டர் மேலே போடாதீர்கள், பசை கெட்டுவிடும். அன்று பார்த்ததை மூன்று வரி எழுதி வையுங்கள்: காற்று எந்தப் பக்கம் அடித்தது, பனி கையில் உருண்டை பிடித்ததா, எங்கே சத்தம் கேட்டது. மாலை 5 மணிக்குப் புது அறிக்கை வரும். உங்கள் மூன்று வரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.