கை பாதி வழியில் திருந்துவதை வீட்டிலேயே பார்ப்பது எப்படி, சொட்டாங்கல்லில் அதைப் பழகுவது எப்படி

ஒரு பொருளை எடுக்கக் கை நீட்டும்போது, கிளம்புகையில் மூளை போட்ட கணக்கு அப்படியே கடைசி வரை ஓடுவதில்லை. கண்ணும் தோலும் தசையும் அனுப்பும் செய்தியை வைத்து வழியிலேயே திருத்திக்கொண்டு போகிறது, அதுவும் பெரும்பாலும் நமக்குத் தெரியாமலே. இதைப் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவுத் தரை, ஒரு எவர்சில்வர் தம்ளர், நூல், ஸ்லோமோஷன் எடுக்கிற போன், கூட ஒரு ஆள், ஐந்து கல். போதும்.

முதலில் பேனா. காகிதத்தில் ஒரு சாண் இடைவெளியில் இரண்டு புள்ளி வையுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நிதானமாகக் கோடு இழுங்கள், கண்ணைத் திறந்து சில தடவை, மூடிச் சில தடவை. வித்தியாசம் நன்றாகத் தெரியும். இப்போது நொடிக்கு இரண்டு கோட்டுக்கு மேல் வருகிற வேகத்தில் இழுங்கள், கண் திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் தப்பு கிட்டத்தட்ட ஒன்றாகிவிடும். வுட்வொர்த் என்ற அமெரிக்க உளவியலாளர் 1899-லேயே இதை அளந்து சொல்லிவிட்டார்: கை முதலில் குத்துமதிப்பாகப் பாய்கிறது, கடைசிப் பகுதியில்தான் கண்ணைப் பார்த்துத் திருத்துகிறது, நேரம் கொடுக்காவிட்டால் திருத்தம் நடக்காது. செட்டிநாட்டு ஊரான ஆத்தங்குடியில் தரை டைல்ஸ் செய்கிற இடத்துக்குப் போனால், கண்ணாடி மேல் வைத்த உலோக அச்சின் கட்டங்களுக்குள் வண்ணக் கலவையை ஊற்றுகிறவரின் கையைக் கவனியுங்கள். விளிம்பை நெருங்கும்போது வேகம் குறையும், அந்தக் கை கண்ணுக்கு நேரம் கொடுக்கிறது.

அடுத்து போன். தம்ளரை எடுக்கும் கையைப் பக்கவாட்டில் இருந்து ஸ்லோமோஷனில் எடுங்கள், பிறகு ஒரு புளியங்கொட்டையை எடுப்பதையும். பொருளைத் தொடுவதற்கு வெகு முன்னாலேயே விரல்கள் அதன் அளவுக்கு ஏற்ப விரிந்திருக்கும், தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே. பயணத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நேரம் போனபோது விரிவு உச்சத்தில் இருக்கும், அப்புறம் சுருங்கத் தொடங்கும். பிரெஞ்சு ஆய்வாளர் ழானெரோ 1980-களில் இப்படித்தான் படமெடுத்துக் கண்டுபிடித்தார்.

இனி வருவதுதான் எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது, நேரம் எடுத்துச் செய்யுங்கள். காலித் தம்ளரில் நூல் கட்டித் தரையில் வையுங்கள், ஆத்தங்குடித் தரை வழவழப்பானது, நன்றாக வழுக்கும். நீங்கள் எடுக்கக் கை நீட்டுங்கள், கை பாதி தூரம் வந்ததும் எதிரே இருப்பவர் சில தடவை மட்டும், சொல்லாமல், நூலைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். நகர்ந்தது தெரிந்த அந்தக் கணமே நீங்கள் 'ஆ' என்று சொல்ல வேண்டும். முகமும் கையும் சேர்ந்து தெரிகிற மாதிரி படமெடுத்து, சத்தத்தை விட்டுவிட்டு வாயசைவைப் பாருங்கள் (ஸ்லோமோஷனில் ஒலியை நம்ப முடியாது). வாய் திறப்பதற்கு முன்பே கை வளைந்திருக்கும்! 1991-இல் ழானெரோவும் கூட்டாளிகளும் செய்த சோதனையில், இலக்கு மாறி ஏறக்குறைய 100 மில்லிசெகண்டில் கை திசை மாறத் தொடங்கியது, வாய் திறக்க 400 மில்லிசெகண்டுக்கு மேல் ஆனது.

இதையே மாற்றிச் செய்யுங்கள்: தம்ளர் நகர்ந்தால் கையை நிறுத்திவிட வேண்டும் என்று விதி வையுங்கள். வேகமாக நீட்டும்போது, நிறுத்த நினைத்தாலும் கை சில தடவை நகர்ந்த பக்கமே போகும். இந்தத் தானியங்கித் திருத்தத்துக்கு உச்சந்தலைக்குச் சற்றுப் பின்னால் இருக்கும் பரைட்டல் புறணி என்ற மூளைப் பகுதி முக்கியம். அது இரண்டு பக்கமும் பழுதான ஒருவருக்கு இந்தத் தானாக நடக்கும் திருத்தம் வரவில்லை என்று 2000-இல் பிரான்சில் பதிவு செய்தார்கள். கண்ணிலிருந்து வரும் செய்தி எப்படியும் கொஞ்சம் பழசு என்பதால், கைக்குப் போன கட்டளையை வைத்து இந்நேரம் கை எங்கே இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்கிற வேலையும் நடக்கிறது, அதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு.

பிடியிலும் இப்படித்தான். சொம்பைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் லேசாகப் பிடித்துக் கண்ணை மூடுங்கள். இன்னொருவர் உள்ளே ஒரு கல்லைப் போட்டால் சொம்பு ஒரு நொடிப் பங்கு இறங்கிய பிறகுதான் பிடி இறுகும். நீங்களே மறு கையால் போட்டால், கல் விழும் முன்பே பிடி இறுகத் தொடங்கியிருக்கும்.

சரி, பயிற்சிக்கு வருவோம். ஒரு கல்லை மேலே எறிந்து, அது விழுவதற்குள் தரையில் இருக்கும் கற்களை அள்ளிக்கொண்டு அதையும் பிடிக்கிற சொட்டாங்கல்லைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை, ஏனென்றால் கீழே பார்க்காமல் அள்ளுவதும் மேலிருந்து விழுவதைப் பிடிப்பதும் ஒரே மூச்சில் நடக்கின்றன. ஓர் அடி உயரம் எறிந்த கல் திரும்பி வர ஏறக்குறைய அரை நொடி. இரண்டு அடி என்றால் 0.7 நொடி. ஆகவே இரண்டு அடியில் தொடங்குங்கள். எறியும் முன் தரையில் இருக்கும் கற்களை ஒரு தரம் நன்றாகப் பாருங்கள், எறிந்ததும் கண் மேலே போகட்டும், கையைப் பார்க்கவே வேண்டாம். தவறினால் இன்னும் வேகமாகப் பாயாதீர்கள், கொஞ்சம் உயரமாக எறியுங்கள். வெளிச்சம் முக்கியம், இரண்டாங்கட்டின் மங்கலில் உட்கார்ந்து பழக வேண்டாம்.

வீட்டில் வயதான ஆச்சி, ஐயா இருந்தால் தம்ளரைப் பளிச்சென்று வேறு நிறத்தில் தெரியும் இடத்தில் வையுங்கள், பளபளக்கும் பரப்பில் எவர்சில்வரை வைத்தால் கண்ணுக்கு விளிம்பு பிடிபடாது. திடீரென்று ஒரு கை மட்டும் குறி தவறினாலோ, பொருள் நழுவினாலோ, வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம், பயிற்சி என்று தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பழகப் பழக உயரத்தைக் குறைத்துக்கொண்டு வாருங்கள். அரை அடிக்கு வந்தால் கிடைப்பது 0.35 நொடிதான், அதற்குள் அள்ளவும் வேண்டும் என்றால் திருத்த நேரமே மிஞ்சாது. அங்கே எறியும் கல் நேராகப் போய் நேராக இறங்க வேண்டும், அதனால் அந்த உயரத்தில் அள்ளுவதை விட்டுவிட்டு எறிந்து பிடிப்பதை மட்டும் கொஞ்ச நாள் பழகுங்கள்.