கவர்மெண்டு பணம் நம் தெருவுக்கு வரும்போது: பெங்களூரில் சின்னக் கடை வைத்திருப்பவர்களுக்கு

கவர்மெண்டு பணம் என்றதும் எங்கள் ஸ்ரீராமபுரத்தில் முதலில் வரும் கேள்வி, "எந்த பேங்க்ல லோன் தர்றாங்க?" என்பதுதான். லோன் பற்றிக் கீழே சொல்கிறேன். ஆனால் என் மாவுக் கடைக்கு அரசுப் பணத்தால் வந்த நன்மையில் பெரிய பங்கு லோனால் வந்ததல்ல. ரயிலால் வந்தது, பஸ்ஸால் வந்தது. அதற்காக நான் ஒரு ஃபாரமும் நிரப்பவில்லை. ஆகவே தெருவுக்கு வரும் பணத்தையும் நம் பேருக்கு வரும் பணத்தையும் பிரித்துப் பார்க்கணும். தெருவுக்கு வருவது கேட்காமலே வரும். ஆனால் வருவதை முன்னாலேயே தெரிந்துகொள்ளாத கடைக்காரருக்கு அதில் லாபம் குறைவு, சிலசமயம் கடையே கைவிட்டுப் போகும். நம் பேருக்கு வருவது, எத்தனை முறை கேட்டாலும், காகிதம் இல்லாமல் வராது.

என்னைப் பற்றி ஒரு வரி. தாத்தா வந்தவாசிப் பக்கத்திலிருந்து பின்னி மில் வேலைக்கு வந்தவர். அம்மா வீட்டு வாசலில் கிரைண்டர் போட்டு மாவு விற்றார். நான் அதைக் கடையாக்கினேன். இட்லி மாவு, அடை மாவு, ராகி தோசை மாவு. சில ஹோட்டல்களுக்கும் பி.ஜி. விடுதிகளுக்கும் சப்ளை. நான் ஏஜெண்டு இல்லை. அக்கம்பக்கத்தில் யாராவது ஃபாரம் கொண்டுவந்தால் மத்தியானம் கூட்டம் இல்லாத நேரத்தில் நிரப்பிக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

தெருவுக்கு வருவது

மெட்ரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். க்ரீன் லைனின் முதல் துண்டு, சம்பிகே ரோட்டிலிருந்து பீண்யா வரை, 2014 மார்ச் 1 அன்று ஓட ஆரம்பித்தது. எங்கள் ஸ்ரீராமபுரம் ஸ்டேஷன் அதில் உண்டு. திறந்த புதிதில் கடைக்குப் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. காரணம், அந்த ரயில் நகரின் மெயின் பஸ், ரயில் நிலையம் இருக்கும் மெஜஸ்டிக் வரை போகாது. 2017 ஜூனில் சம்பிகே ரோட்டிலிருந்து மெஜஸ்டிக் வழியாக எலச்சேனஹள்ளி வரை பாதை சேர்ந்த பிறகுதான் சாயங்காலக் கூட்டம் வந்தது. வேலை முடிந்து இறங்குபவர்கள் வீட்டுக்குப் போகிற வழியில் மாவு வாங்கினார்கள். அவர்களுக்கு ஒரு கிலோ பாக்கெட் வேண்டாம், அரைக் கிலோ போதும். காலையில் மட்டும் அரைத்தவள் மத்தியானமும் ஒரு ஈடு அரைக்க ஆரம்பித்தேன், கடையை ராத்திரி கூடுதல் நேரம் திறந்து வைத்தேன்.

இதில் கவனிக்க வேண்டியது நடுவில் இருந்த மூன்று வருஷம். கூட்டம் வரும் முன்னால் வாடகை ஏறவில்லை; வந்த பின்னால் ஏறியது. நம் ஊரில் கடை வாடகை என்றால் 11 மாத அக்ரிமெண்டுதான் வழக்கம், அதைப் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால் 11 மாதம் முடிந்ததும் ஓனர் என்ன கேட்கிறாரோ அதைக் கொடுக்கணும், இல்லை காலி செய்யணும். உங்கள் பக்கத்தில் ஸ்டேஷனோ அகலமான நடைபாதையோ வரப்போகிறது என்று தெரிந்தால், கூட்டம் வரும் முன்பே மூன்று அல்லது ஐந்து வருஷ லீஸ் பேசி, வருஷத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றலாம் என்பதையும் அதிலேயே எழுதி, சப்-ரிஜிஸ்திரார் ஆபீசில் பதிவு செய்துவிடுங்கள். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்யாவிட்டால் சட்டப்படி அது நிற்காது. முத்திரைத்தாள் செலவு கொஞ்சம் கடிக்கும், கடித்துவிட்டுப் போகட்டும். மெட்ரோவின் பிங்க் லைனில் ஸ்டேஷன் அமையும் சிவாஜிநகர், பாட்டரி டவுன், டேனரி ரோடு பக்கம் கடை வைத்திருக்கும் நம் தமிழ் ஆட்களுக்கு முக்கியமாக இதைச் சொல்கிறேன். கட்டடத்தின் சொந்தக்காரருக்கு அரசு முதலீடு தானாகவே லாபம். வாடகைக்கு இருக்கும் வியாபாரிக்கு அப்படி இல்லை. மேடையில் பேசுபவர்கள் இந்த வித்தியாசத்தைச் சொல்வதில்லை.

வேலை நடக்கும் காலம் கஷ்டம்தான். ரோட்டைத் தோண்டிப் போட்டால் வாடிக்கையாளர் வேறு தெருவுக்குப் பழகிவிடுவார். அந்தச் சமயத்தில் கடைக்கு வரும் வியாபாரத்தை நம்பாமல் ஹோட்டல் சப்ளை, வீட்டு டெலிவரி என்று ஒரு கால் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். டிரேடு லைசென்ஸ், கரண்ட் பில், வாடகை ரசீது எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். நாளைக்கு இடம் எடுத்தால், இங்கே இத்தனை வருஷமாகக் கடை நடத்தினேன் என்று காட்ட அதுதான் சாட்சி.

பார்க்கிங் போய்விட்டதே என்று நடைபாதை வேலையை எதிர்ப்பவர்களும் உண்டு. சர்ச் ஸ்ட்ரீட்டை 2018-இல் கல் பதித்து, நடைபாதையை அகலமாக்கித் திறந்தார்கள். சாயங்காலம் ஒருமுறை போய்ப் பாருங்கள், எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று. ஃபர்னிச்சர் கடைக்குக் கார் வந்து நிற்கணும், சரி. மாவு, பூ, பஜ்ஜி விற்பவர்களுக்கு நடந்து போகிறவர்தான் வாடிக்கையாளர்.

பஸ்ஸை மறக்கக் கூடாது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரண அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இதை ஓசி என்று கேலி பேசும் ஆட்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். என் கடையில் பாக்கெட் போடும் பெண்கள் லக்கரே, சுங்கதகட்டே பக்கமிருந்து வருகிறார்கள். முன்பு சம்பளத்தில் பஸ் பாஸ் காசை எடுத்து வைக்கணும் என்பதால் தூரத்திலிருந்து யாரும் வேலைக்கு வர மாட்டார்கள். இப்போது ஆள் தேடும் வட்டம் பெரிதாகிவிட்டது. அரசு அந்தப் பெண்களுக்குக் கொடுத்தது, எனக்கும் வந்து சேர்ந்தது.

தண்ணீரும் அப்படித்தான். 2024 கோடையில் டேங்கர் விலை என்ன ஆட்டம் ஆடியது என்பது வெளிவட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். அந்த வருஷம் அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்தது. நாளைக்கு 775 மில்லியன் லிட்டர், நகரத்தோடு பின்னால் சேர்ந்த 110 கிராமங்களுக்காக. அந்தப் பகுதிகளில் உணவுத் தொழில் செய்பவர்கள் டேங்கரை நம்பியே கணக்குப் போடாமல் இணைப்புக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது.

நம் பேருக்கு வருவது: முதலில் காகிதம்

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று மத்திய அரசிடம் பதிவு செய்வது, முதல் படி. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் போனிலேயே முடித்துவிடலாம். முழுக்க இலவசம். இதற்கு ஆயிரம், இரண்டாயிரம் வாங்கும் சைபர் கடைகள் நிறைய. கூகுளில் மேலே வருவதும் பெரும்பாலும் தனியார் தளம்தான். முகவரி .gov.in என்று முடிகிறதா என்று பாருங்கள். பான் இல்லாத, ஜி.எஸ்.டி. வராத மிகச் சிறிய வியாபாரிக்கு உத்யம் அசிஸ்ட் என்று தனி வழி இருக்கிறது, அதை வங்கி மூலமாகச் செய்யணும். பதிவு செய்யும்போது உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கும். மாவு அரைப்பது உற்பத்தி. வெறும் 'கடை' என்று போட்டால் பின்னால் சொல்லப்போகும் ஒரு சட்ட உரிமை கிடைக்காது.

சாப்பாட்டுச் சாமான் என்றால் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்னும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு வேண்டும். கார்ப்பரேஷன் டிரேடு லைசென்ஸ் வேண்டும். 2025 செப்டம்பரில் பி.பி.எம்.பி. என்ற பழைய பெங்களூர் கார்ப்பரேஷன் போய் ஐந்து கார்ப்பரேஷன்கள் வந்துவிட்டன, உங்கள் ஏரியா எதில் விழுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் க்யூ.ஆர். ஸ்டிக்கர். 2025 ஜூலையில் யு.பி.ஐ. வரவைப் பார்த்துக் கர்நாடக வணிகவரித் துறை சின்னக் கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியதும் பலர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு, 'கேஷ் மட்டும்' என்று எழுதி ஒட்டினார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. பொருள் விற்பவருக்கு வருஷம் 40 லட்சம், சேவைக்கு 20 லட்சம் வரை ஜி.எஸ்.டி. பதிவே தேவையில்லை. அதற்குள் இருப்பவருக்கு பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் வியாபாரம் நடக்கிறது என்பதற்குச் சாட்சி. சொந்தக்காரர் அனுப்பும் பணம், சீட்டுப் பணம் எல்லாம் கடைக் கணக்கில் கலக்காமல் தனிக் கணக்கு வைத்தால் போதும்.

எந்தக் கதவைத் தட்டுவது

தள்ளுவண்டி, நடைபாதைக் கடை என்றால் தெருவியாபாரிகளுக்கான மத்திய அரசுக் கடன் திட்டம் பி.எம். ஸ்வநிதி. 2020 ஜூனில் ஆரம்பித்தது, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். இப்போது முதல் கடன் 15,000, ஒழுங்காகக் கட்டினால் 25,000, அப்புறம் 50,000. தவணை தவறாமல் கட்டுபவருக்கு 7 சதவீத வட்டி மானியம் கணக்கில் வரும். கார்ப்பரேஷனின் வியாபாரச் சான்றிதழ் வேண்டும். கார்ப்பரேஷன் எடுத்த தெருவியாபாரிகள் சர்வேயில் பெயர் விடுபட்டிருந்தால் சிபாரிசுக் கடிதம் கேளுங்கள். பூக்கார அக்கா என்னிடம் கேட்டார், "ஏம்மா, இது தள்ளுபடி ஆயிடுமா?" ஆகாது அக்கா. கட்டினால்தான் அடுத்தது. இதோடு 2014 தெருவியாபாரிகள் சட்டத்தையும் தெரிந்து வையுங்கள்: சர்வே முடிந்து சான்றிதழ் கொடுக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது என்று அதில் இருக்கிறது.

கடைக்குச் சரக்கு போட முத்ரா என்னும் மத்திய அரசுத் திட்டத்தின் வங்கிக் கடன். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். மானியம் கிடையாது, அடமானமும் கிடையாது. வங்கியில் அடமானம் கேட்டால், 10 லட்சம் வரை சிறு தொழில் கடனுக்குக் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி என்று மரியாதையாகச் சொல்லுங்கள். எழுத்தில் மறுப்புத் தரும்படி கேளுங்கள். குரல் உடனே மாறும்.

உணவுத் தொழிலில் மெஷின் வாங்குபவர்கள் தவறவிடக் கூடாதது பி.எம்.எஃப்.எம்.இ. என்னும் சின்ன உணவுத் தொழில்களுக்கான திட்டம். நான் நேரம் செலவழித்தது இதில்தான். மத்திய திட்டப்படி செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 10 லட்சம். கர்நாடக அரசு தன் பங்காக இன்னும் 15 சதவீதம் சேர்த்து 50 சதவீதமாக்கியது, உச்சவரம்பு 15 லட்சம். கணக்கு இப்படி: டில்டிங் கிரைண்டர், பேக்கிங் மெஷின், குளிரூட்டும் அறை எல்லாம் சேர்த்து 8 லட்சம் என்றால், கையிலிருந்து பத்து சதவீதம் 80,000 போடணும். வங்கி 7,20,000 தரும். மானியம் 4 லட்சம். நிலம் வாங்கும் செலவு இதில் சேராது.

ஆனால் அந்த 4 லட்சம் உங்கள் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பேரில் தனிக் கணக்கில் உட்காரும். மூன்று வருஷம் தவணை ஒழுங்காகக் கட்டி, தொழிலும் நடந்தால்தான் கடனில் கழிப்பார்கள். அது உட்கார்ந்திருக்கும் தொகைக்கு வங்கி வட்டி போடக் கூடாது. மாதா மாதம் ஸ்டேட்மெண்டில் சரிபாருங்கள். மானியம் வந்ததும் கடையை விற்றுவிட்டு ஊருக்குப் போகலாம் என்று நினைப்பவருக்கு இந்தத் திட்டம் உதவாது.

புராஜெக்ட் ரிப்போர்ட் எழுத ஆடிட்டருக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மாவட்டத்துக்கு ரிசோர்ஸ் பெர்சன் என்று ஆட்களை வைத்திருக்கிறார்கள், கூலி அரசு கொடுக்கும். கர்நாடகத்தில் இதை நடத்துவது கப்பெக் என்னும் அரசு நிறுவனம். கொட்டேஷன் வாங்கும் முன்பே அங்கே விசாரித்துவிடுங்கள்; திட்டக் காலமும் ஒதுக்கீடும் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

நம் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. தமிழ்நாட்டில் வாங்கிய எஸ்.சி. சான்றிதழைக் கர்நாடக அரசின் சொந்தத் திட்டங்களில் ஏற்பதில்லை. பெண்களுக்குத் தொழில் கடன் தரும் உத்யோகினி போன்ற திட்டங்களில் எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 30 சதவீதம் என்று மானியம் மாறும். எந்தப் பிரிவில் போடுகிறோம் என்று தாசில்தார் ஆபீசில் முதலிலேயே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொண்டு அப்புறம் ஃபாரம் கொடுங்கள்.

சட்டம் கொடுத்திருக்கும் 45 நாள்

மேலே சொன்ன உரிமை இதுதான். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கியவர் 45 நாளுக்குள் பணம் கொடுக்கணும். தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டுவட்டி. 2006-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு ஹோட்டல் எனக்கு மாதக்கணக்கில் பாக்கி வைத்தபோது, பாக்கிப் பணப் புகாருக்கான அரசின் சமாதான் தளத்தில் புகார் போடப் போகிறேன் என்று பில்களைப் படம் எடுத்து அனுப்பினேன். பாதி அந்த வாரமே வந்தது. வாங்கி விற்பவர்களுக்கு இது பொருந்தாது, அதனால்தான் உத்யமில் 'உற்பத்தி' என்று போடச் சொன்னேன்.

தெருவில் என்ன வேலை என்று கேட்பது

தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு ஆளைக் காணவில்லை என்றால் சண்டை போட்டுப் பயனில்லை. தகவல் உரிமை மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டராக இணைக்கலாம். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம், 150 வார்த்தைக்குள். கன்னடத்தில் எழுதுங்கள், நம் பிள்ளைகள் எல்லோரும் பள்ளியில் படித்ததுதானே, அவர்களை எழுதச் சொல்லுங்கள். கேட்க வேண்டியது: இந்தத் தெரு வேலையின் ஒர்க் ஆர்டர் நகல், ஒதுக்கிய தொகை, முடிக்க வேண்டிய தேதி, கான்ட்ராக்டர் எத்தனை வருஷம் பராமரிக்கணும் என்ற விவரம். ஏன், எதற்கு என்று கேள்வி எழுப்பாமல் நகல் மட்டும் கேட்டால்தான் தட்டிக்கழிக்க முடியாது. 30 நாளில் பதில் வரணும். வந்த தாளை நாலு ஜெராக்ஸ் எடுத்து அந்தத் தெருக் கடைக்காரர்களுக்குக் கொடுத்துவிட்டு, முடிக்க வேண்டிய தேதிக்கு முந்தின வாரம் எல்லோரும் சேர்ந்து இன்ஜினியரைப் போய்ப் பாருங்கள்.