காடு சூழ்ந்த கடலோரச் சிற்றூருக்கு விடுமுறை: முதல்முறை போகிறவர்களுக்கான திட்டம்

ஒரு பக்கம் கடல், மற்ற பக்கமெல்லாம் காடு. இப்படி ஒரு சின்ன ஊருக்கு நான் முதல்முறை போனபோது அறை, பேருந்து, சாப்பாடு எல்லாவற்றையும் முன்கூட்டியே பார்த்து வைத்திருந்தேன். கடல் ஏறும் நேரத்தை மட்டும் பார்க்கவில்லை. காலையில் ஒரு பாறை முனையைச் சுற்றி அடுத்த கரைக்கு நடந்தேன். திரும்பும்போது வந்த வழி தண்ணீருக்கடியில் இருந்தது. பின்னால் செங்குத்தான காடு. நீர் வற்றும் வரை மணிக்கணக்கில் பாறை மேல் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் சொல்கிறேன், இந்த மாதிரி ஊரில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன. ஒன்று கடலுடையது, இன்னொன்று காட்டுடையது. இரண்டையும் பார்த்தபிறகு உங்கள் அட்டவணையைப் போடுங்கள்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

கடல் அமைதியாக இருக்கும் மாதமும் காட்டுப்பாதை திறந்திருக்கும் மாதமும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். புயல் காலத்தில் படகுகள் ஓடாது. கடும் மழையில் பாதைகளை மூடுவார்கள். வறண்ட மாதங்களில் காட்டுத்தீ பயத்தாலும், விலங்குகள் குட்டி போடும் காலத்திலும் மூடுவது உண்டு. ஆமை முட்டையிடும் கரைகளில் இரவு நடமாட்டத்துக்குத் தடை இருக்கலாம். வனத்துறையின் அறிவிப்பைப் பார்த்து, இரண்டும் திறந்திருக்கும் வாரங்களைக் காலண்டரில் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போனாலும் மழைக்கோட்டு வேண்டும். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கரையோர மலைகளில் மோதி மேலே ஏறுகிறது, குளிர்ந்து மழையாகிறது. அப்படிப்பட்ட கரையில் காடு அடர்ந்திருப்பதற்கு அந்த மழைதான் காரணம்.

படி 2: கடல் ஏற்ற அட்டவணையைக் கையில் எடுங்கள்

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இது. பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். ஆகவே நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். முதல் நாள் காலை 7 மணிக்கு வற்றிய கடல், ஐந்தாம் நாள் 10 மணி தாண்டித்தான் வற்றும். முதல் நாள் நடந்த நேரத்தையே கடைசி நாளும் நம்பக் கூடாது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். பாறைக் குளங்களில் நட்சத்திர மீனும் நண்டும் பார்க்க ஆசையா? பௌர்ணமிக்கு அடுத்த ஓரிரு நாட்களில் போங்கள், கடல் வெகுதூரம் உள்வாங்கியிருக்கும். சின்னக் குழந்தைகளோடு கரையில் நிதானமாக நடந்தால் போதும் என்றால் அரைநிலா நாட்கள் நல்லது.

எவ்வளவு உயரம் ஏறும் என்பது இடத்துக்கு இடம் மாறும். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் சில இடங்களில் 16 மீட்டர் வரை ஏறுகிறது. மத்தியதரைக் கடலின் பல கரைகளிலோ வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் போகும் ஊரின் பெயரில் அட்டவணையைத் தேடுங்கள்.

இன்னொன்று: தண்ணீர் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் மெதுவாகத்தான் வரும். நடுவில் உள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் மொத்த உயரத்தில் பாதி ஏறிவிடும். “இன்னும் நேரம் இருக்கிறது” என்று நம்மை ஏமாற்றுவது அந்த முதல் மணிதான். பாறை முனையைச் சுற்றுவதாக இருந்தால் கடல் வற்றிக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள். முழுதாக வற்றும் நேரத்தில் திரும்பத் தொடங்கிவிட வேண்டும்.

படி 3: அறையும் வழியும்

தேதி முடிவானதும் அறையைப் பதிவு செய்யுங்கள். சின்ன ஊரில் அறைகள் குறைவு, தள்ளிப்போட வேண்டாம். போனில் சில விஷயங்களைக் கேட்டுவிடுங்கள்: கரைக்கு நடந்து போக முடியுமா, ஏ.டி.எம்., பெட்ரோல் பங்க், மருத்துவமனை எல்லாம் எவ்வளவு தூரம், கடைசி பேருந்து எத்தனை மணிக்கு. ஊருக்குள் போக ஒரே ஒரு காட்டுச்சாலை இருந்தால் மரம் விழுந்தாலே வழி அடைபட்டுவிடும். அதனால் திரும்பும் நாளன்று வேறு முக்கிய வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். அப்புறம், வெளிச்சம் இருக்கும்போதே ஊருக்குள் நுழைந்துவிடுங்கள். அந்தி நேரத்தில்தான் விலங்குகள் சாலையைக் கடக்கும்.

படி 4: ஒவ்வொரு நாளையும் அடுக்குங்கள்

ஒரு தாளில் முதலில் கடல் வற்றும் நேரங்களை எழுதுங்கள். கரை நடைகளை அந்த நேரங்களை ஒட்டிப் போடுங்கள். மிச்ச நேரம் காட்டுக்கு. பறவை பார்க்க விடியற்காலைதான் அருமையான நேரம், அதைத் தூங்கிக் கழித்துவிடாதீர்கள். கழிமுகமோ அலையாத்திக் காடோ இருந்தால், நீர் ஏறியிருக்கும்போது படகில் உள்ளே போங்கள். வற்றும்போது சேற்றில் இரை தேடும் பறவைகளைக் கரையிலிருந்து பாருங்கள். ஒரே இடம் இரண்டு வேளைகளில் இரண்டு இடங்களாகத் தெரியும்.

கரையில் வெளிச்சம் இருந்தாலும் மரங்களுக்கடியில் முன்னதாகவே இருட்டிவிடும். சூரியன் மறைய இரண்டு மணி நேரம் இருக்கும்போதே காட்டுப்பாதையை விட்டு வெளியே வந்துவிடுவது என் வழக்கம். நிலநடுக்கோட்டை ஒட்டிய ஊர்களில் அந்திவெளிச்சம் சீக்கிரம் போய்விடும், அங்கே இன்னும் கவனம் தேவை.

நான்கு நாள் பயணம் என்றால் ஒரு நாளில் எதையும் எழுதாமல் விடுங்கள். மழை எந்த நாளைப் பறித்தாலும் ஈடு செய்ய அது வேண்டும்.

படி 5: பை

இரண்டு ஜோடி செருப்பு அல்லது ஷூ (ஒன்று எப்படியும் நனையும்), தண்ணீர் புகாத பை, டார்ச், பவர் பேங்க். வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜி.பி.எஸ். வேலை செய்யும்.

முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்தபின் பூச்சி விரட்டி. ஈரக்காட்டில் அட்டை இருந்தால் நீளமான காலுறை போடுங்கள். கடித்த அட்டையின் மேல் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். நகத்தால் பக்கவாட்டில் தள்ளினால் வந்துவிடும். உண்ணி வேறு ரகம். சிறு இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்க வேண்டும்.

படி 6: தண்ணீரில் இறங்கும் முன்

ஐந்து நிமிடம் கரையில் நின்று அலைகளைப் பாருங்கள். இரு பக்கமும் அலை உடைந்து, நடுவில் மட்டும் உடையாமல் அமைதியாகத் தெரியும் இடம்தான் பெரும்பாலும் கடலுக்குள் இழுக்கும் நீரோட்டம். பழகாதவர்கள் அதைப் பாதுகாப்பான இடம் என்று நினைத்து அங்கேயே இறங்குகிறார்கள். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்நீச்சல் போடாதீர்கள். மிதந்தபடி, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள். இடி கேட்டாலே தண்ணீரை விட்டு வந்துவிடுங்கள். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் காத்திருங்கள்.

போய்ச் சேர்ந்த மாலையே கரைக்குப் போய், வலை உலர்த்துபவர்களிடம் அட்டவணையைக் காட்டி ஒரு கேள்வி கேளுங்கள்: “எந்த வழி முதலில் தண்ணீருக்குள் போகும்?” அவர்கள் கைநீட்டும் இடத்தை உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொண்டு, மறுநாள் நடைக்குக் கிளம்புங்கள்.