நிழல் என்ன நிறம்? இம்ப்ரெஷனிச நிலக்காட்சி ஓவியத்தைப் படிக்கும் முறை

ஓவியத்துக்கு முன்னால் போய் நின்றதுமே "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்கத் தோன்றும். இம்ப்ரெஷனிச நிலக்காட்சி, அதாவது 19ஆம் நூற்றாண்டு பிரான்ஸில் அந்த நேரத்து வெளிச்சத்தைப் பிடிக்க முயன்ற ஓவியர்களின் நிலக்காட்சி என்றால், அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள். ஓவியம் பார்க்கச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் கேட்பது இரண்டே கேள்விகள்: வெயில் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? நிழல் என்ன நிறத்தில் இருக்கிறது? இரண்டுக்கும் படத்தைத் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லிவிட்டால் பாணி, நிறம், அர்த்தம் எல்லாவற்றுக்கும் வழி திறந்துவிடும்.

கிளாத் மோனே 1868-69 வாக்கில் வரைந்த 'மேக்பை' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவர்களுடைய இணையதளத்திலேயே பெரிதாக்கிப் பார்க்கலாம். காக்கை இனத்தைச் சேர்ந்த கருப்பு வெள்ளைப் பறவை ஒன்று, படலின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஒரு வேலி, பின்னால் மரங்கள், ஒரு வீடு. மற்றதெல்லாம் பனி. சூரியன் வேலிக்கு அந்தப் பக்கம் இருப்பதால் வேலியின் நிழல் நம்மை நோக்கி விழுகிறது. அந்த நிழலை மட்டும் பெரிதாக்குங்கள். கருப்பும் சாம்பலும் தேடினால் கிடைக்காது. நீலம் இருக்கும், அதில் ஊதா கலந்திருக்கும். வெயில் பட்ட பனியும் வெறும் வெள்ளை இல்லை, பாலேடு மாதிரி லேசாக மஞ்சள் படிந்தது.

இதை அழகுக்காகச் செய்த மிகை என்று சொல்லிவிட வேண்டாம். நேர் வெயில் படாத இடத்துக்கும் வெளிச்சம் வரத்தான் செய்கிறது. அது நீல வானத்திலிருந்து வருகிற வெளிச்சம். பனி எந்த நிறத்தையும் விழுங்காமல் திருப்பி அனுப்புவதால் அந்த நீலம் அப்படியே தெரிகிறது. மோனே கண்ணில் பட்டதை வைத்தார். நிழல் என்றால் பழுப்பு என்று பழகிப்போன காலம் அது. பாரிஸின் அதிகாரபூர்வ ஓவியக் கண்காட்சியான சலோன் 1869இல் இந்தப் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டது.

மஞ்சள் படிந்த பனிக்குப் பக்கத்தில் நிழல் ஊதாவாகத் தெரிய இன்னொரு காரணமும் சேர்கிறது. மிஷெல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயப் பிரிவைக் கவனித்துவந்தார். ஆலையின் கருப்பு நூல் மங்கலாகத் தெரிகிறது என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தால் சாயத்தில் குறையே இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நிறம்தான் கருப்பை அப்படிக் காட்டியது. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எதிர்நிறத்தின் பக்கம் தள்ளும் என்று அவர் 1839இல் புத்தகமாகவே எழுதினார். அதனால் ஒரு நிறத்தைப் பற்றிப் பேசும்போது அதன் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். மஞ்சளை ஒட்டி ஊதா, ஆரஞ்சை ஒட்டி நீலம், சிவப்பை ஒட்டி பச்சை: இந்த ஜோடிகள் எங்கெல்லாம் வருகின்றன என்று தேடினாலே படத்தின் எலும்புக்கூடு கிடைத்துவிடும்.

நிறத்தையும் வெளிச்ச அளவையும் பிரித்துப் பார்க்கவும் பழக வேண்டும். இதற்கு உங்கள் கைபேசி போதும். மோனேயின் 'சூரியோதயம்: ஒரு பதிவு' படத்தைத் திரையில் எடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றுங்கள். 1872 என்று தேதியிட்ட, லெ ஆவ்ர் துறைமுகத்தைக் காட்டும் படம். 1874இல் பாரிஸில் நடந்த கண்காட்சியில் இதன் பெயரிலுள்ள 'பதிவு' (பிரெஞ்சில் 'இம்ப்ரெஷன்') என்ற சொல்லை வைத்துச் செய்த கேலிதான் இந்த இயக்கத்துக்கே பெயராகிப்போனது. நிறத்தை எடுத்ததும் அந்த ஆரஞ்சுச் சூரியன் ஏறக்குறைய காணாமல் போய்விடும். சுற்றியிருக்கும் வானம் எவ்வளவு வெளிச்சமோ, சூரியனும் அவ்வளவுதான். ஹார்வர்டு நரம்பியல் ஆய்வாளர் மார்கரெட் லிவிங்ஸ்டன் இதற்கு விளக்கம் தந்திருக்கிறார்: பொருள் எங்கே இருக்கிறது, நகர்கிறதா என்று கவனிக்கும் மூளைப் பகுதி வெளிச்ச வேறுபாட்டைத்தான் பார்க்கிறது, நிறத்தைப் பொருட்படுத்துவதில்லை. அதற்கு இந்தச் சூரியன் சரியாகப் பிடிபடுவதில்லை. அதனால்தான் சூரியன் ஓரிடத்தில் நிற்காமல் துடிப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது. நான் பார்த்தவரை, இந்தச் சோதனையைச் செய்தவர்கள் அதற்குப் பிறகு "சூரியன் பிரகாசமாக இருக்கிறது" என்று எழுதுவதே இல்லை.

தூரிகைத் தடத்துக்கு வருவோம். "சின்னச் சின்னத் தீற்றல்கள்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. தீற்றல் எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு தடிமன், எந்தப் பொருளுக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். அதே சூரியோதயப் படத்தில் வானம் மெல்லிய பூச்சு. தண்ணீரில் விழும் ஆரஞ்சுப் பிரதிபலிப்பு தடித்த, கிடைமட்டத் தீற்றல்கள். சூரியனுக்கு அடுத்தபடி கண் போய் நிற்பது அங்கேதான். இந்த வேகத்துக்குக் கருவிகளும் உதவின. ஜான் கோஃப் ராண்ட் 1841இல் கொண்டுவந்த தகர ட்யூபால் தைல வண்ணத்தை வயல்வெளிக்கே எடுத்துப்போக முடிந்தது. உலோகப் பட்டை போட்ட தட்டைத் தூரிகையால் ஒரே இழுப்பில் அகலமான தடம் விழுந்தது. வெட்டவெளியில் வரைந்தார்கள் என்பதற்காக எல்லாமே ஒரே அமர்வில் முடிந்தது என்று எழுதிவிடாதீர்கள். மோனே பல படங்களை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோய் மேலும் வேலை செய்தவர்.

இப்போது ஒரு படத்தை முழுசாகப் படித்துப் பார்க்கலாம். எனக்கு மிகவும் பிடித்தது காமில் பிஸாரோவின் 'உறைபனி', 1873, இதுவும் ஓர்சேயில்தான். உழுத நிலம், மேலேறிப் போகும் பாதை, முதுகில் விறகுக்கட்டோடு கைத்தடி ஊன்றி நடக்கும் ஓர் ஆள். தொடுவானத்தை மேலே தள்ளிவிட்டு, நிலத்துக்கே பெரும்பகுதி இடம் கொடுத்திருக்கிறார். கேன்வாஸ் முழுக்க மண் நிறங்கள். காவி, மங்கிய பச்சை, அவற்றின் மேல் வெளிர்நீலமும் வெள்ளையுமாகப் பனி. உழவுசால்கள் ஒரு பக்கமாக ஓட, அவற்றைக் குறுக்கே வெட்டிக்கொண்டு நீள நீளமான நிழல்கள் விழுகின்றன. யாருடைய நிழல்? படத்துக்குள் அந்த மரங்கள் இல்லை. சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன.

1874 கண்காட்சியில் இந்தப் படம் நன்றாக அடி வாங்கியது. வெளியே நிற்கும் மரங்களின் நிழலை வரைந்தது பெரிய பிழை என்று விமர்சகர் காஸ்டாக்னரி எழுதினார். லூயி லெரூவா எழுதிய கேலிக் கட்டுரையிலோ, இது அழுக்குக் கேன்வாஸில் அப்பிய வண்ணத்தட்டுச் சுரண்டல் என்று ஒரு பாத்திரம் சொல்கிறது. என்னைக் கேட்டால், காஸ்டாக்னரி குறை சொன்ன அந்த நிழல்தான் படத்தின் உயிர். நாம் பார்க்கும் வயல் சட்டத்தோடு முடியவில்லை என்று அது சொல்கிறது. நிழல் நீளமாக இருப்பதால் சூரியன் தாழ்வாக இருக்கிறது. பனி இன்னும் கரையவில்லை. காலையாகத்தான் இருக்க வேண்டும். அந்த நேரத்திலேயே ஒருவர் விறகு சுமந்து நடக்கிறார். அவரையும் சுற்றியுள்ள மண்ணின் நிறங்களாலேயே வரைந்திருப்பதால் நிலத்திலிருந்து தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கவில்லை. உழைப்பைப் பற்றிய படம் இது என்று நான் சொல்வது இவ்வளவையும் பார்த்த பிறகுதான்.

அர்த்தம் தேடும்போது பனி என்றால் மரணம், பாதை என்றால் வாழ்க்கை என்று அகராதி போடாதீர்கள். ஓவியர் எதை எடுத்துக்கொண்டார், அதை எந்தத் தொனியில் வரைந்தார் என்று கேளுங்கள். ஆல்ஃபிரெட் சிஸ்லே 1876இல் போர்-மார்லி ஊரில் சேன் நதி கரை புரண்டதை வரைந்தார். ஒயின் வணிகர் ஒருவரின் வீடு தண்ணீருக்குள் நிற்கிறது, பக்கத்தில் படகுகள். விஷயம் வெள்ளம். ஆனால் அலறும் மனிதர்கள் இல்லை, சுழித்தடிக்கும் நீர் இல்லை. விரிந்த வானம், அதை வாங்கிக்கொண்டு அசையாமல் கிடக்கும் தண்ணீர். "அமைதியான படம்" என்று மட்டும் எழுதினால் வெள்ளம் விட்டுப்போகும். "பேரழிவுப் படம்" என்று எழுதினால் வானம் விட்டுப்போகும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தெரு இருந்த இடத்தில் வானம் கிடக்கிறது. சிஸ்லே கூரைக்கும் மேகத்துக்கும் தந்த அதே நிதானத்தை வெள்ளத்துக்கும் தந்திருக்கிறார். அந்த நிதானம்தான் நம்மைச் சங்கடப்படுத்துகிறது." ஒவ்வொரு வாக்கியத்துக்கும் படத்தில் விரல் வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். இல்லாத வாக்கியத்தை அடித்துவிடுங்கள்.

பெயர்ப்பலகையைக் கடைசியில் படித்தால் போதும், ஆனால் படிக்காமல் விடாதீர்கள். மோனேயின் 'ஆர்ஜென்டேய் ரயில் பாலம்', 1873-74. பாய்மரப் படகு, ரயில், நல்ல வெயில். பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த 1870-71 போரில் தகர்ந்து, அப்போதுதான் திரும்பக் கட்டிய பாலம் அது. படத்தில் போரின் சுவடே கிடையாது. இந்தத் தகவலோடு மறுபடி படத்துக்குப் போய், ரயில் புகை எங்கே முடிந்து மேகம் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள்.