எண்ணூர்த் தண்ணீரில் ஈயத்தை அளக்க நியமக் கரைசல்களைப் பயன்படுத்தும் முறை

எண்ணூர், மணலி பகுதிகளின் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத் தண்ணீரும் ஒரே நாளில் ஆய்வகத்துக்கு வந்து சேரும்போது, இரண்டையும் ஒரே அளவுத்திருத்தக் கோட்டில் (செறிவு தெரிந்த நியமக் கரைசல்களின் அளவீடுகளைக் கொண்டு வரையும் கோடு) வைத்துப் படித்துவிடுவது எளிது. ஆனால் அது தவறான விடையைத் தரக்கூடும். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 10500 (2012) ஈயத்துக்கு வகுத்துள்ள வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதாவது 10 மைக்ரோகிராம். மாதிரியைச் சூட்டில் ஆவியாக்கி அதன் ஈய அணுக்கள் உறிஞ்சும் ஒளியை அளக்கும், கிராஃபைட் உலை கொண்ட அணு உறிஞ்சல் கருவியில் ஈயத்தை 283.3 நானோமீட்டர் அலைநீளத்தில் அளப்பவர், இந்த 10-ஐச் சுற்றியுள்ள பகுதியில்தான் தம் கோடு உறுதியாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பாலிபுரொப்பிலீன் குடுவைகளை 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஓரிரவு ஊறவைத்து, மிகத்தூய நீரால் பலமுறை அலசிக்கொள்ளுங்கள். கண்டெய்னர் லாரிகள் ஓயாமல் ஓடும் சாலையை ஒட்டிய ஆய்வகமானால் சன்னலைச் சாத்தி வையுங்கள். திறந்த குடுவையில் விழும் தூசியே, ஈயம் சேர்க்காத வெற்றுக் கரைசலின் அளவை உயர்த்தப் போதுமானது.

லிட்டருக்கு 1000 மில்லிகிராம் ஈயம் கொண்ட, சான்றிதழுடன் வரும் மூலக் கரைசலிலிருந்து தொடங்குங்கள். அந்தப் புட்டிக்குள் பிப்பெட்டை நேரடியாக விடாமல், தேவையானதைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி எடுத்து, மீந்ததைக் கொட்டிவிடுங்கள். 1 மில்லிலிட்டரை 100 மில்லிலிட்டராக்கினால் லிட்டருக்கு 10 மில்லிகிராம். அதை மறுபடியும் அதே விகிதத்தில் நீர்த்தால் 100 மைக்ரோகிராம். இதிலிருந்து 1, 2.5, 5, 10, 25 மில்லிலிட்டர் எடுத்துத் தனித்தனி 50 மில்லிலிட்டர் குடுவைகளில் நிரப்பினால் முறையே 2, 5, 10, 20, 50 மைக்ரோகிராம் நியமங்கள் கிடைக்கும். எல்லா நீர்த்தலுக்கும் மாதிரியில் உள்ள அதே செறிவு நைட்ரிக் அமிலத்தையே பயன்படுத்துங்கள். ஈயம் சேர்க்காத அதே அமிலக் கரைசல்தான் வெற்றுக் கரைசல். நீர்த்த நியமங்களை அன்றன்றே புதிதாகத் தயாரிப்பது நல்லது.

புள்ளிகள் கோட்டோடு எவ்வளவு ஒட்டியிருக்கின்றன என்று காட்டும் ஒட்டுறவுக் கெழு 0.999 என்று திரையில் வந்தவுடன் பலர் நிறைவடைந்துவிடுகிறார்கள். அந்த எண்ணை நான் போதுமான சான்றாகக் கொள்வதில்லை. 50 மைக்ரோகிராம் புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால், கோட்டின் அடிப்பகுதியில் 1 மைக்ரோகிராம் பிழை இருந்தாலும் கெழு ஏறக்குறைய அசையாது. ஆனால் 2 மைக்ரோகிராம் மாதிரிக்கு அது பாதியளவு பிழை. ஆகவே ஒவ்வொரு நியமத்தையும் மாதிரிபோலவே கோட்டில் திருப்பிப் படித்துப் பாருங்கள். கீழ்ப்புள்ளிகள் விலகினால் செறிவின் தலைகீழுக்கேற்ப எடையிட்ட, அதாவது குறைந்த செறிவுப் புள்ளிகளுக்குக் கூடுதல் மதிப்புத் தரும் கோட்டைப் பொருத்துங்கள். பின்னர், வேறொரு தயாரிப்பாளரின் மூலத்திலிருந்து செய்த 10 மைக்ரோகிராம் சரிபார்ப்புக் கரைசலை ஓட்டுங்கள். அது 9-க்கும் 11-க்கும் இடையில் வராவிட்டால் மாதிரிகளைத் தொடாதீர்கள்.

முகத்துவாரத் தண்ணீருக்கு வருவோம். அதிலுள்ள உப்பு, உலையில் ஈயம் ஆவியாகும் போக்கையே மாற்றிவிடுகிறது. முதலில் மாதிரியின் ஒரு பகுதியில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்படி ஈயம் சேர்த்து, சேர்த்தது எவ்வளவு மீள்கிறது என்று பாருங்கள். 80 முதல் 120 சதவீதத்துக்கு வெளியே போனால் நியமச் சேர்ப்பு முறைக்கு, அதாவது மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவுகளில் ஈயம் சேர்த்துக் கோடு வரையும் முறைக்கு மாறுங்கள். நான்கு 25 மில்லிலிட்டர் குடுவைகளில் தலா 10 மில்லிலிட்டர் மாதிரியை விட்டு, 100 மைக்ரோகிராம் கரைசலில் 0, 1, 2, 4 மில்லிலிட்டர் சேர்த்து அமில நீரால் நிரப்புங்கள். சேர்த்த செறிவு 0, 4, 8, 16 ஆகும். வெற்றுக் கரைசலின் அளவைக் கழித்துக் கோட்டை வரைந்து, அது கிடை அச்சை வெட்டும் இடத்தின் எண்ணை, எதிர்க்குறியை நீக்கி, 2.5-ஆல் பெருக்கினால் மாதிரியின் செறிவு கிடைக்கும். இம்முறை கோட்டின் சரிவில் உப்பு ஏற்படுத்தும் மாற்றத்தை மட்டுமே ஈடுசெய்யும். உப்புப் புகை ஒளியை மறைப்பதால் வரும் பின்னணி உறிஞ்சலை அது நீக்காது என்பதால், கருவியின் பின்னணித் திருத்தத்தை எப்போதும் இயக்கியே வைத்திருங்கள்.